பங்குனி, சித்திரையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பிசான அறுப்பு முடிந்து குளங்களில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும், தாமிரபரணிக் கரையோரம் புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களோடு நானும் போவேன். பளிச்சென்ற சட்டை, சத்தமான பேச்சு இதையெல்லாம் முதல் நாளிலேயே அவர்களே திருத்திக்கொள்வார்கள். நான் தொடக்கத்தில் செய்து, இன்றும் பலர் அப்படியே செய்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்போடு நோட்டை மூடிவிடுவது

வலசை வந்தவை திரும்பிப் போகும் மாதங்கள் இவைதான். முதலில் பார்த்த தேதி எல்லாரிடமும் இருக்கிறது, கடைசியாகப் பார்த்த தேதியைத் தேடினால் கிடைப்பதில்லை. வரித்தலை வாத்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தை விட்டு எப்போது போனது என்று சொல்ல வேண்டுமானால், அது இல்லாத நாளிலும் போய்ப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதியிருக்க வேண்டும்.

நிறத்தை வைத்தே பெயர் சொல்வது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இது.

கர்லூ சேண்ட்பைப்பர் என்கிற வளைமூக்கு உள்ளான், மார்கழியில் மேலே சாம்பல், அடியில் வெள்ளை. சைபீரியத் துந்திராவில் போய்க் கூடு கட்டுகிற பறவை அது. கிளம்புவதற்கு முன் சித்திரை வாக்கில் மார்பும் வயிறும் செங்கல் நிறத்துக்கு மாறும். எல்லாம் ஒரே நாளில் மாறாது. ஒன்று முழுக்கச் சிவந்திருக்கும், பக்கத்தில் நிற்பது ஒட்டுப்போட்ட துணி மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும், இன்னொன்று இன்னமும் சாம்பலாகவே இருக்கும். சாம்பலாக நிற்பவற்றில் பல, போன வருஷத்துக் குஞ்சுகள். அவற்றில் நிறைய முதல் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும்.

இது தெரியாத காலத்தில், பழையகாயல் பக்கத்து உப்பளத்தில் சாம்பலாக நின்ற 60-ஐ வளைமூக்கு உள்ளான் என்றும், சிவந்த 14-ஐ ரெட் நாட் என்ற வேறொரு கரைப்பறவை என்றும் எழுதி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினேன். ரெட் நாட் இந்தியாவில் அரிது. பதிவுகளைச் சரிபார்க்கும் அண்ணன் ஒருவர் போனில் கேட்டது ஒரே கேள்வி: “மூக்கு நேரா இருந்துச்சா, நுனி வளைஞ்சிருந்துச்சா தம்பி?”

எனக்குத் தெரியவில்லை. சிவப்பு கண்ணில் பட்டதும் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. மறுநாள் விடியுமுன் ஓடினேன். பாத்தியில் நெடுங்கால் உள்ளான்கள் மட்டும் நின்றன, மற்றவை ராத்திரியோடு போய்விட்டன. ரெட் நாட் பதிவை நீக்கினேன். அந்த 14-ஐ வளைமூக்கு உள்ளானில் சேர்க்கவும் என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த வருஷம் அந்தக் கூட்டத்தில் எத்தனை சிவந்து கிளம்பின என்ற கணக்கு அப்படியே போயிற்று. போன சித்திரையில் ஒரு மாணவர் இதே மாதிரி இரண்டு இனமாக எழுதியதைப் பார்த்தபோது அந்தக் காலை மொத்தமும் திரும்ப வந்தது.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் மூக்கு: வளைமூக்கு உள்ளானுக்கு நீளம், நுனி கீழே வளைந்திருக்கும், ரெட் நாட்டுக்குக் குட்டை, நேர். அடுத்து உடம்பு: ரெட் நாட் குண்டாக, கால் குட்டையாகத் தெரியும். அப்புறம் பறக்கும்போது வாலுக்கு மேலே: வளைமூக்கு உள்ளானுக்கு வெள்ளை, ரெட் நாட்டுக்குச் சாம்பல். பார்ப்பதைப் பார்க்கப் பார்க்க வாயால் சொல்லிப் போனில் பதிந்துகொள்ளுங்கள். கொசு உள்ளானும் இந்த நாட்களில் செம்பழுப்பு ஏறி ஆளைக் குழப்பும்.

கூழைக்கடாவை வெளிநாட்டுப் பறவை என்பது

கூந்தன்குளத்திலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. மஞ்சள்மூக்கு நாரையும் அப்படித்தான்.

கூட்டத்தைக் கிளப்பிப் படம் எடுப்பது

வேண்டாம். வழிக்குத் தேவையான கொழுப்பைச் சேர்க்கத்தான் நாளெல்லாம் சேற்றைக் குத்துகின்றன. வாலுக்கு மேலே வெள்ளை தெரிய வேண்டுமானால் காத்திருங்கள், பருந்து ஒன்று தாழப் பறந்தால் தானாக எழும்பும்.

ஒன்பது மணிக்கு மேல் எண்ணுவது

பாத்தியின் மேல் கானல் ஆடும். மூக்கின் வளைவு தெரியாது.