சம்ப்புடன் மர மீன்தொட்டி ஸ்டாண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்தொட்டிக்கு வீட்டிலேயே மர ஸ்டாண்ட் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "பாரத்தைத் தாங்குமா?" என்பதைத்தான். நியாயமான பயம். ஆனால் கொழும்பு வீடுகளில் நான் பார்த்த மர ஸ்டாண்டுகளில் பாரம் தாங்காமல் விழுந்தது ஒன்றுமில்லை. தொல்லை வந்ததெல்லாம் வேறு வழியில். சம்ப், அதாவது மேல்தொட்டியில் வழியும் தண்ணீர் இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்பால் மீண்டும் மேலே ஏறும் கீழ்த்தொட்டி, கதவு வழியாக உள்ளே போகவில்லை. தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழற்ற மேலே இடமில்லை. கரண்ட் போன இரவில் சம்ப் நிரம்பி வழிந்து, காலையில் அடிப்பலகை ஊதிக் கிடந்தது. பாரம் கணக்குக்குள் அடங்கும் விஷயம். சம்ப்பும் அதன் அன்றாடப் பராமரிப்பும்தான் யோசிக்க வேண்டிய பகுதி. ஆகவே, தொட்டியின் அளவுக்கு ஒரு பெட்டியை வரைந்துவிட்டு அதற்குள் சம்ப்பைத் திணிக்கப் பார்க்காதீர்கள். முதலில் சம்ப்பை வரையுங்கள். அதைச் சுற்றி ஸ்டாண்டை வரையுங்கள்.

பேச வசதியாக ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சென்டிமீற்றரில் 120, 45, 45. விளிம்புவரை நிரப்பினால் 243 லீற்றர் பிடிக்கும். நடைமுறையில் 215 லீற்றர் அளவில் நிற்கும். 10 மில்லிமீற்றர் கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டும் 50 கிலோ. மணலும் கல்லும் 30 கிலோ, கீழே சம்ப்பில் 60 லீற்றர் தண்ணீர், சம்ப்பின் கண்ணாடி, மரம் எல்லாம் சேர்த்தால் 400 கிலோவைத் தொடும். இதன் கீழே வைக்கும் சம்ப் 90 சென்டிமீற்றர் நீளம், 30 அகலம், 40 உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

இனி வாசலைப் பாருங்கள். ஸ்டாண்டின் முன்பக்கத்தில் நடுவே ஒரு கால் வைத்தால் பலம் கூடும் என்று நினைப்பது இயல்பு. அந்தக் கால் வாசலை இரண்டாகப் பிரித்துவிடும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 45 சென்டிமீற்றர்தான் மிஞ்சும். 90 சென்டிமீற்றர் சம்ப் அதன் வழியே போகாது. சிலர் சம்ப்பை உள்ளே வைத்துவிட்டு, அதைச் சுற்றி ஸ்டாண்டைப் பூட்டி முடிக்கிறார்கள். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் சம்ப்பின் சிலிக்கன் ஒரு நாள் கசியத் தொடங்கினால், மேலே உள்ள தொட்டியை முழுக்கக் காலியாக்கி இறக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. மீன், பவளம், கல் எல்லாம் வாளிகளில் போகும். நடுக்காலை விட்டுவிட்டு முன்பக்க மேல் மரத்தை ஆழமாக்குவதுதான் சரியான வழி. பக்கவாட்டில் கழற்றக்கூடிய பலகை வைப்பதும் நல்லதுதான், ஸ்டாண்டின் அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டாமல் இருந்தால்.

அகலத்திலும் ஒரு கண் வேண்டும். வெளி அகலம் 45 என்றாலும் முன்னும் பின்னும் 5 சென்டிமீற்றர் தடிப்புள்ள கால்கள் வந்தால் உள்ளே 35தான். 35 சென்டிமீற்றர் சம்ப் படத்தில் பொருந்தும், வீட்டில் சிக்கும். அதனால்தான் மேலே 30 என்று எடுத்தேன்.

உயரத்தில் விடும் தவறு இதைவிடப் பரவலானது. சம்ப் 40 சென்டிமீற்றர்தானே, உள்ளே 50 போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஸ்கிம்மர் சம்ப்பின் விளிம்புக்கு மேலே நீட்டி நிற்கும். அதன் கோப்பையை மேல்நோக்கித் தூக்கித்தான் கழற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சை மாற்றக் கையும் உள்ளே போக வேண்டும். வாங்கப்போகும் ஸ்கிம்மரின் முழு உயரத்தோடு குறைந்தது 15 சென்டிமீற்றர் கூட்டுங்கள். பெரும்பாலும் உள் உயரம் 65 முதல் 70 வரை வரும். மேலும் கீழும் சட்டங்களைச் சேர்த்தால் ஸ்டாண்ட் 85 அல்லது 90 சென்டிமீற்றரில் நிற்கும். தொட்டிக்குள் கைவிட ஒரு சின்ன ஸ்டூல் தேவைப்படலாம். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோப்பையை வாரத்தில் சில தடவை கழுவ வேண்டியிருக்கும். அது கஷ்டமான வேலையாகிவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள், தண்ணீர் கெடும்.

கரண்ட் போகும்போது

இதை ஸ்டாண்ட் செய்யும் கட்டத்திலேயே யோசிக்க வேண்டும், ஏனென்றால் சம்ப்பின் அளவைத் தீர்மானிப்பதே இதுதான். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இப்போது அந்த நிலை இல்லாவிட்டாலும், ஓர் இடி மழைக்குக் கரண்ட் போவது புதிதல்ல.

பம்ப் நின்றதும் இரண்டு விஷயங்கள் நடக்கும். மேலே வழிந்துகொண்டிருந்த தண்ணீர், வழியும் விளிம்பின் மட்டத்துக்கு வரும்வரை கீழே இறங்கும். அப்புறம், தண்ணீரை மேலே ஏற்றிய அதே குழாய் இப்போது தலைகீழாக உறிஞ்சத் தொடங்கும். குழாயின் வாயில் காற்றுப் புகும்வரை நிற்காது. நம் தொட்டியில் ஒரு சென்டிமீற்றர் உயரத் தண்ணீர் என்பது 5.4 லீற்றர். குழாயின் வாய் மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீற்றர் கீழே இருந்தால் 27 லீற்றர் கீழே வரும். சம்ப்பிலோ ஒரு சென்டிமீற்றருக்கு 2.7 லீற்றர்தான். ஓடும்போது சம்ப்பின் மட்டம் 23 சென்டிமீற்றர் என்றால், அந்த 27 லீற்றரும் சேர 33க்கு வரும். 40 சென்டிமீற்றர் சம்ப்புக்கு இது பாதுகாப்பானது. குழாயின் வாய் 10 சென்டிமீற்றர் கீழே இருந்தாலோ 54 லீற்றர் வரும். மட்டம் 43க்குப் போக வேண்டும், சம்ப் 40தான். மிச்சம் எட்டு லீற்றர் தரையில்.

தண்ணீரைத் திரும்பி வரவிடாத நொன்-ரிட்டர்ன் வால்வ் பூட்டியிருக்கிறோமே என்று சொல்பவர்கள் உண்டு. அதற்குள் பாசியும் சுண்ணாம்பும் படிந்தால் முழுதாக மூடாது. குழாயில் போடும் சின்னக் காற்றுத் துளையும் அடைபடும். இரண்டையும் போடுங்கள், ஆனால் இரண்டும் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே சம்ப்பில் இடம் விடுங்கள். இந்த இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மரம் மரத்தின் மேல் உட்கார வேண்டும்

மேல் சட்டத்தைக் கால்களின் பக்கத்தில் வைத்து ஸ்க்ரூ ஆணியால் பூட்டிவிடுவது பலரும் செய்வது. அப்போது 400 கிலோவில் பெரும்பகுதியைச் சுமப்பது ஆணிகள்தான். மேல் சட்டம் காலின் தலையில் நேராக உட்கார வேண்டும், கால் அடிச் சட்டத்தில் நேராக நிற்க வேண்டும். ஆணியின் வேலை அவற்றை நகராமல் பிடிப்பது மட்டுமே. எல்லா ஆணியையும் கழற்றினாலும் பாரம் மரத்தின் வழியாகவே நிலத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்து வரைந்தால் தவறு வராது.

4×2 மரத்தைப் படுக்க வைப்பதும் ஒரு தவறு. அதே மரத்தை நிமிர்த்தி வைத்தால், அதாவது 4 அங்குலம் உயரமாக வரும்படி வைத்தால், வளைவுக்கு எதிரான விறைப்பு 4 மடங்கு கூடும். 4 அடித் தொட்டிக்கு நிமிர்த்திய 4×2 போதும். நடுக்கால் இல்லாத முன்பக்கத்துக்கு 6×2 போட்டால் மனம் நிம்மதியாக இருக்கும். 6 அடித் தொட்டி என்றால் 6×2க்குக் கீழே போகவே வேண்டாம்.

நேர் பாரத்தைத் தாங்கும் ஸ்டாண்ட்கூடப் பக்கவாட்டில் ஆடலாம். நான்கு கால்களும் சட்டங்களும் மட்டும் இருந்தால், ஒரு பிள்ளை ஓடிவந்து மோதினாலே அசையும். பின்பக்கத்திலும் ஒரு பக்கத்திலுமாவது 12 மில்லிமீற்றர் பிளைவுட் அடித்தால் ஆட்டம் நிற்கும். அப்புறம் குழாய் போக வேண்டும் என்று பின்பலகையில் பாதியை வெட்டி எடுத்துவிடாதீர்கள். குழாயின் அளவுக்கு வட்டத் துளை போதும்.

தொட்டியின் அடிக்கண்ணாடியில் துளையிட்டு, குழாயை இணைக்கும் டேங்க் கனெக்டர் பூட்டுபவர்களுக்கு இன்னொன்று: துளை எங்கே வருகிறது என்று முதலில் குறியுங்கள். மேல் சட்டத்தின் குறுக்கு மரம் நேராக அதன் கீழே வந்துவிட்டால், முடிந்த ஸ்டாண்டில் அந்த மரத்தை அறுக்க வேண்டிவரும். பின்கண்ணாடியில் துளை என்றால் சுவருக்கும் தொட்டிக்கும் இடையே 10 முதல் 15 சென்டிமீற்றர் விடுங்கள்.

எந்த மரம்? தேக்கும் முதிரையும் அருமையானவை, ஆனால் தேவையில்லை. மஹோகனி நன்றாகவே தாங்கும். மொறட்டுவைப் பக்கம் போனால் மரக்காலையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கலாம். கவனிக்க வேண்டியது மரத்தின் பெயரைவிட அதன் ஈரத்தை. அண்மையில் அறுத்த மரம் காயும்போது சுருங்கி முறுக்கும். மேல் சட்டம் முறுக்கினால் தொட்டியின் மூலை ஒன்று தூக்கி நிற்கும், கண்ணாடி வெடிப்பதற்கு அதுவே போதும். காய்ந்த மரம் கிடைக்காவிட்டால், நிழலில் காற்றுப்படும்படி அடுக்கி வைத்துக் காத்திருங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிய பிறகு வாங்கினால் இன்னும் பொறுமை வேண்டும். ரப்பர் மரம் மருந்தேற்றியது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். சிப்போர்ட், எம்.டி.எஃப் இரண்டும் சம்ப் உள்ள ஸ்டாண்டுக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டு ஊதினால் அவை திரும்பப் பழைய நிலைக்கு வராது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடலோரமாக இருப்பவர்களுக்கு உப்புக் காற்றே போதும், சாதாரண ஆணி துருப்பிடிக்க. கடல்நீர்த் தொட்டி என்றால் எந்த ஊரிலும் இதே கதைதான். துருப்பிடிக்காத எஃகு ஆணி விலை கூட. ஆனால் ஒரு ஸ்டாண்டுக்கு வேண்டியது கொஞ்சம்தான்.

வார்னிஷ் அடிப்பவர்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் மினுக்கிவிட்டு உட்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் தெறிப்பது உள்ளேதான். பூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு மரத்துக்கும் எல்லாப் பக்கமும் பொலியூரித்தேன் அடியுங்கள். அறுத்த முனைகளுக்கு இரண்டு மூன்று தடவை அதிகமாக, ஏனென்றால் மரம் அதிகமாக ஈரம் குடிப்பது அந்த முனை வழியாகத்தான். கால்களின் அடிப்பகுதியை ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டின் மேல் நிறுத்துங்கள். நம் வீடுகளில் நிலம் துடைக்கும் ஈரம் தினமும் அந்த முனையில்தான் ஏறும். ஈரமான மரத்தைத் தேடிக் கறையானும் வரும்.

மரவேலை பாஸிடம் கொடுத்துச் செய்விப்பதாக இருந்தால் இவற்றை எழுதிக் கொடுங்கள். அவர் அலுமாரி செய்வதில் கெட்டிக்காரராக இருக்கலாம். அலுமாரிக்குள் தண்ணீர் ஓடுவதில்லை. கதவுகளை இறுக்கமாக அழகாகப் பொருத்தித் தருவார். சம்ப்புக்கோ காற்றோட்டம் வேண்டும். மூடிய பெட்டிக்குள் ஈரமும் பம்பின் சூடும் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், நம் வெப்பத்தில் தண்ணீரும் சூடேறும். பின்பலகையில் கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் விட்டு, மேல் திறப்பில் சின்ன மின்விசிறி பூட்டினால் போதும்.

மல்டி பிளக்கைச் சம்ப்புக்கு மேலேயோ அடிப்பலகையிலோ வைக்கக் கூடாது. நடுவில் ஒரு தடுப்புப் பலகை போட்டு, உலர்ந்த பக்கத்தில் உயரமாகப் பொருத்துங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் தானா, வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே பம்பைப் போடுங்கள்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். வீட்டு அறைத் தளங்களுக்கு வழமையாக எடுப்பது சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ. நம் தொட்டி அரைச் சதுர மீற்றரில் 400 கிலோவை வைக்கிறது. கொங்கிரீட் தளத்தில் சுவரோரமாக, பீம் போகும் இடத்துக்கு அருகில் வைத்தால் இந்த அளவு பொதுவாகப் பிரச்சினை தராது. பழைய வீடுகளின் பலகை மாடியில் வைக்க வேண்டாம். 6 அடித் தொட்டி என்றால் பொறியியலாளர் ஒருவரிடம் கேளுங்கள்.

கடைசியில் மட்டம். கால்களின் கீழே ஆப்பு வைத்துச் சரிசெய்யுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒருபோதும் வைக்காதீர்கள். அடிக்கண்ணாடி நேராகப் பலகையில் உட்காரும் தொட்டிக்கு மெல்லிய ரெஜிபோம் விரிக்கலாம். பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் நிற்கும் தொட்டிக்கு அது வேண்டாம். பாதி நிரப்பி, நான்கு மூலைகளிலும் தண்ணீரின் உயரத்தை அளந்து பாருங்கள். சரி என்றால் முழுக்க நிரப்பி, பம்பை ஓடவிட்டு, பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். சம்ப்பில் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறதோ அதற்கு இடமிருந்தால், மீண்டும் ஓடவிட்டு, ஓடும்போது நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் ஊற்றுபவர்கள் வீட்டில் யாராக இருந்தாலும், அந்தக் கோட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது.