உதட்டில் குத்தப் போகிறீர்களா? காது குத்திய கணக்கு இங்கே செல்லாது

கொங்கு நாட்டில் காது குத்தாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி குத்தி, தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தொட்டு வைத்தால் காது பாட்டுக்கு ஆறிவிடும். உதட்டில் குத்திக்கொள்கிறவர்களைப் பெரும்பாலும் கெடுப்பது இந்தப் பழக்கம்தான். "ஏனுங்க, மூக்குக் குத்துன ஆசாரியே இதையும் குத்திர மாட்டாருங்களா?" என்று கேட்பார்கள். அவரிடம் குத்தக் கூடாது. காதின் அடிமடல் தோலும் கொழுப்பும் மட்டுமே உள்ள, அசையாத சதை. உதடு தசை. பேசும்போதும் தின்னும்போதும் ஓயாமல் அசையும். உள்ளே எச்சில் சுரக்கும் சிறு சுரப்பிகள், குறுக்கே ஓடும் ரத்தக்குழாய், பின்னால் பல்லும் ஈறும் இருக்கின்றன. ஊசி அரை விரல் தள்ளிப் போனாலும் இவற்றில் ஏதாவது ஒன்று அடிபடும்.

கோயில் நோம்பியில் அலகு குத்துவதைக் காட்டி, "கன்னத்துலயே வேல் போகுது, இதென்ன பெருசு" என்பவர்களும் உண்டு. அலகு சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது, துளை தானாக மூடிக்கொள்கிறது. நகை அப்படியல்ல. உலோகம் உள்ளேயே கிடக்க, அதைச் சுற்றி உடம்பு புதுத்தோலால் ஒரு குழாயைக் கட்டி முடிக்க வேண்டும். உதட்டில் அதற்கு 2 முதல் 3 மாதம் ஆகும்.

கீழுதட்டுக்குக் கீழே நடுவில் குத்தி, உள்பக்கம் தட்டு வைப்பது லேப்ரெட். அது பழகிய வகை. பழகாத வகைகளில்தான் திட்டம் தவறுகிறது. உதட்டின் அடி விளிம்பில் நுழைந்து சிவந்த பகுதியின் மேலே வெளிவருவது வெர்டிகல் லேப்ரெட். உதட்டின் நட்டநடுவில் புகுந்து வாய்க்குள் முடிவது ஆஷ்லி. வாயின் இரு ஓரத்திலும் குத்துவது டாலியா. உதட்டுக்குள் கிடையாகப் போவது ஹரிசான்டல். இன்ஸ்டாகிராம் படத்தைப் பார்த்து வகையை முடிவு செய்துவிட்டு வருவதே முதல் தவறு. வெர்டிகலுக்கு உதடு சற்றுத் தடித்து முன்வந்திருக்க வேண்டும். மெல்லிய உதட்டில் கம்பி மேலோட்டமாகவே உட்காரும், உடம்பு அதை மெல்ல வெளியே தள்ளிவிடும். டாலியா ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் இழுபடும். ஆஷ்லியின் தட்டு கீழ்வரிசை முன்பல்லின் ஈறில் உரசும், தேய்ந்து இறங்கிய ஈறு திரும்ப வளராது. ஹரிசான்டலை முதல் குத்தாக யாரும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. வெர்டிகலில் கம்பியின் இரு முனையிலுள்ள குண்டுகளும் வெளியே நிற்பதால் பல்லுக்குத் தொல்லை குறைவு. உதட்டு வாகு இருந்தால் இந்த நான்கில் அதையே சொல்வோம்.

அடுத்தது குறி வைப்பது. கோணலாகப் போகும் குத்துகளில் பெரும்பாலானவை ஊசியில் கோணவில்லை, குறியிலேயே கோணிவிட்டன. படுக்க வைத்துக் குறித்தால் உதடு பின்னால் சாயும். சிரித்தபடி காட்டினால் விரியும். நேராக உட்கார்ந்து, வாயைத் தளர்வாக மூடி, பல்லைக் கடிக்காமல் இருக்கும்போதுதான் குறிக்க வேண்டும். வெர்டிகலுக்கு இரண்டு குறி: நுழையும் இடம், வெளிவரும் இடம். மேல்குறி உதட்டின் ஈரப்பகுதிக்குள் போகாமல், காய்ந்த பகுதியிலேயே இருக்க வேண்டும். கண்ணாடியைக் கையில் வாங்கி, முகத்துக்கு நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். நாலு வார்த்தை பேசிவிட்டு மறுபடி பாருங்கள். பிடிக்காவிட்டால் அழித்து மறுபடி வைக்கச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். இடுக்கி போட்டுப் பிடிக்கும்போதும் குறி நகரும், பிடித்த பிறகும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

காது குத்தும் துப்பாக்கிக் கருவியை உதட்டுப் பக்கமே கொண்டுவர விடாதீர்கள். அது முனை மழுங்கிய தோட்டை அழுத்தி நுழைக்கிறது, சதை நசுங்குகிறது. அதன் பிளாஸ்டிக் பாகங்களை, அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் உள்துளை ஊசி, உங்கள் கண் முன்னே பிரிக்கப்பட்ட உறையிலிருந்து வர வேண்டும். மற்ற கருவிகள் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் இருந்திருக்க வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்தால் ஹெபடைடிஸ் பி கிருமி போய்விடும் என்று நம்பி உட்காராதீர்கள். சர்க்கரை நோய், இதய வால்வுக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை இவற்றில் எது இருந்தாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

நகையில் நம் ஊர் ஆசை தங்கத்தின் மேல். 916 தங்கம் மிருதுவானது, சீக்கிரம் கீறல் விழும், கீறலில் அழுக்குத் தங்கும். திருகாணித் தோட்டின் தண்டோ மிக மெல்லியது. நூல் சோப்பை அறுப்பதுபோல அசையும் உதட்டை அது அறுத்துக்கொண்டே போகும். மரையும் துளைக்குள் உரசும். முதல் நகை உடம்புக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட் தரத்து டைட்டானியமாக, ஏ.எஸ்.டி.எம். எஃப்136 என்று தரச் சான்று உள்ளதாக இருக்கட்டும். கவரிங் போட்டால் அரிக்கும் உடம்பென்றால் நிக்கல் கலந்த ஸ்டீல் வேண்டவே வேண்டாம். தடிமன் 16 கேஜ், அதாவது 1.2 மி.மீ., அல்லது 14 கேஜ், 1.6 மி.மீ. வெர்டிகலுக்கு வளைந்த கம்பிதான் வேண்டும். புதுக் குத்தில் வளையம் போட்டால் சுற்றிச் சுற்றிப் புண்ணாக்கும்.

பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று முதல் நாளே கச்சிதமான கம்பி கேட்பார்கள். முதல் 3 நாள் உதடு வீங்கும், சிலருக்கு 5 நாள்கூட. வீக்கத்துக்கு இடமில்லாத கம்பியின் குண்டு சதைக்குள் புதையும். லேப்ரெட்டாக இருந்தால் உள்தட்டின் மேல் தோலே மூடிவிடும், அதைக் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே உதட்டின் அளவுக்கு மேல் 2 முதல் 3 மி.மீ. கூடுதல் நீளம் வேண்டும். இதற்கு நேர் எதிரான தவறு, வீக்கம் வடிந்த பிறகும் அந்த நீளக் கம்பியை அப்படியே விட்டுவிடுவது. அது ஆடும், பல்லில் இடிக்கும், ஓரத்தில் சிவந்த பரு கிளம்பும். அந்தப் பருவைக் கெலாய்டு, அதாவது வளரும் தழும்புக் கட்டி என்று பயந்து களிம்பு தேடுவார்கள். கம்பி குட்டையானாலே பெரும்பாலும் அடங்கிவிடும். 3, 4 வாரத்தில் குத்தியவரிடமே போய் மாற்றுங்கள். நகையைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தால் வாயிலுள்ள துளை அதற்குள்ளாகவே சுருங்கத் தொடங்கிவிடும்.

சுத்தம் செய்வதில் காதுப் பழக்கம் மறுபடி வரும். மஞ்சள், எண்ணெய், விபூதி, வேப்பங்குச்சி எதுவும் இங்கே வேண்டாம். துளைக்குக் காற்றும் வடிகாலும் வேண்டும், எண்ணெய் அதை அடைத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் புதுத்தோலையே எரித்துவிடும். மெடிக்கலில் 0.9 சதவீத சலைன், அதாவது சுத்தமான உப்புக் கரைசல், சின்னக் குப்பியில் கிடைக்கும். நாளுக்கு இரண்டு முறை அதில் மெல்லிய துணியை நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்தால் போதும். போர்வெல் உப்புத்தண்ணி சலைன் ஆகாது. அதில் இருப்பது கண்ட உப்பும் கிருமியும். காலையில் எழுந்ததும் மேல்குண்டைச் சுற்றி வெளிர்மஞ்சள் பொருக்கு கட்டியிருக்கும். அது சீழ் அல்ல, காய்ந்த நிணநீர். நகத்தால் சுரண்டாதீர்கள், நனைத்து ஊறவிட்டால் தானாக விடும். ஒட்டாமல் இருக்கட்டும் என்று கம்பியைச் சுற்றினால், அந்தப் பொருக்கே உள்ளே போய்ப் புதுத்தோலைக் கிழிக்கும். கையைக் கழுவிவிட்டு, குண்டு வலப்பக்கம் திருகி இறுகியிருக்கிறதா என்று மட்டும் நாளுக்கு ஒருமுறை பாருங்கள். தளர்ந்த குண்டு தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடும்.

முதல் வாரத்துக்கு ஆறிய அரிசிம்பருப்பு சாதம், தயிர்சாதம், சந்தகை. பள்ளிபாளையம் சிக்கனுக்கு அவசரமில்லை. சாப்பிட்டதும் நல்ல தண்ணீரில் கொப்பளியுங்கள். உதட்டுக்குள் புகையிலை அடக்குகிறவர்கள் அதை விடும்வரை குத்தவே வேண்டாம். திருப்பூர், சோமனூர்ப் பக்கம் பனியன் கம்பெனியிலும் தறியிலும் வேலை செய்பவர்களுக்குத் தனித் தொல்லை உண்டு: பஞ்சுத் தூசி ஈரமான பொருக்கில் ஒட்டி, இழையாகக் கம்பியைச் சுற்றிக்கொள்ளும். ஷிப்ட்டில் தளர்வான மாஸ்க் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் சலைனால் நனைத்து இழையை எடுங்கள். முகத்தை மூடும் ஹெல்மெட்டின் தாடைப்பகுதி குண்டை இடிக்கிறதா என்று பாருங்கள். கொடிவேரி, வாய்க்கால் குளியல் 3 மாதம் கழித்து.

இத்தனை செய்தும் தவறலாம். கோணல் என்று தோன்றினால் வீக்கம் வடியும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள், வீங்கிய உதடு ஏமாற்றும். உண்மையிலேயே கோணல்தான் என்றால் தடித்த நகை போட்டு இழுத்துச் சரிசெய்ய முடியாது. கழற்றி, 3 மாதமாவது ஆறவிட்டுத்தான் மறுபடி குத்த வேண்டும். வாரம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு குண்டுக்கும் நடுவில் உள்ள சதை குறைந்துகொண்டே வந்தால், தோல் மெலிந்து உள்ளே கம்பி தெரிந்தால், உடம்பு அதை வெளியேற்றுகிறது என்று அர்த்தம். அன்றே கழற்றினால் சின்னப் புள்ளியோடு போகும், தானாக அறுத்துக்கொண்டு வரட்டும் என்று விட்டால் உதட்டில் கோடு விழும்.

அதுவே வலி 4, 5 நாளுக்குப் பிறகு கூடினால், சூடும் நாற்றமுள்ள பச்சை மஞ்சள் சீழும் வந்தால், சிவப்பு கன்னத்துக்குப் பரவினால், காய்ச்சல் அடித்தால், மருந்துக்கடையில் மாத்திரை கேட்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மேலுதட்டில் என்றால் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்க வேண்டாம், அங்குள்ள ரத்தக்குழாய்கள் மூளைப் பக்கத்து நாளங்களோடு சேர்கின்றன. பயத்தில் நகையை நீங்களே பிடுங்கிவிடாதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிக் கட்டியாகும். கழற்றுவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.