பிரேக் முதலில், கியர் பிறகு

இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தில், முதல் சிக்கேனில் (வேகத்தைக் குறைக்கவைக்கும் அடுத்தடுத்த வளைவுகள்) எஃப்1 கார் மணிக்கு 330 கி.மீ.க்கு மேலிருந்து சுமார் 80க்கு இறங்கும். அந்த வேகத்தில் பெரும்பகுதியைத் தின்பது சக்கர பிரேக்தான். இன்ஜின் கைகொடுப்பது கொஞ்சம், அதுவும் பின்சக்கரங்களுக்கு மட்டும்.

கையால் கியர் மாற்றும் பின்சக்கர இழுவை காரில், நேர்கோட்டிலேயே பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். வேகம் இறங்கிய பிறகே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கிளட்ச் அமுங்கியிருக்கும்போது, பிரேக்கை விடாமல் வலது பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறியதும் கிளட்ச்சை விடுங்கள். தட்டாமல் விட்டால் பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளலாம். வளைவுக்குள் என்றால் கார் சுழன்றுவிடலாம். அப்படியும் வால் ஆடினால் பிரேக் பயஸை (முன், பின் சக்கரங்களுக்கான பிரேக் பங்கீடு), அதை மாற்றும் வசதி இருந்தால், ஒரு கிளிக் முன்பக்கம் தள்ளுங்கள்.

ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்குப் பதில் இரண்டில் விழுந்தால், இன்ஜின் வேகத்துக்கு வரம்பு போடும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது. அது எரிபொருளையோ தீப்பொறியையோதான் வெட்டும். சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றுவதைத் தடுக்காது. இன்ஜின் வரம்பு மீறிச் சுழன்று, வால்வு பிஸ்டனில் மோதலாம்.