காரில் வைக்கும் அவசரப் பொருள்களுக்கு எந்தப் பை?

சென்னை வேளச்சேரியில் கனமழை எச்சரிக்கை வந்தால், வெள்ளத்தில் மூழ்காமலிருக்க ஏற்றி நிறுத்தும் கார்களால் முதலில் நிறைவது மேம்பாலம்தான். 2024 அக்டோபரில் அங்கே நின்ற கார் வரிசையைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மழைக்காலத்தில் என் காருக்கும் அதுதான் இடம். காரைப் பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டால் வீட்டுக்கு நடந்துதான் வர வேண்டும். அதனால், காருக்கு அவசரப் பை வாங்க வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இது: வண்டியை விட்டு இறங்கி நடக்க நேர்ந்தால், அதைச் சுமக்கப்போவது யார்?

எங்கள் வீட்டில் நான். ஒரு கையால் அம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மறு கையால் கைப்பிடிச் சுவரையோ கம்பத்தையோ பற்ற வேண்டும். ஆகவே முதுகில் மாட்டும் பை மட்டுமே எங்களுக்கு உதவும். சக்கரம் வைத்த பெட்டி தேங்கிய தண்ணீரில் நகராது. பிடி வைத்த பெட்டிக்கு ஒரு கை போய்விடும்.

வாங்கும் முன் பொருள்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு, எச்சரிக்கை முக்கோணம், காற்றடிக்கும் பம்ப் ஆகியவை வண்டிக்கு உதவுபவை. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, டிக்கியில் உருளாதபடி பட்டை போட்டுக் கட்டிவிட்டால் போதும். தண்ணீர், பிஸ்கட், கடலைமிட்டாய், தலையில் மாட்டும் விளக்கு, மழைக்கோட்டு, மாற்றுத் துணி, துண்டு, முதலுதவிப் பொருள்கள், ஆவண நகல்கள், கொஞ்சம் ரொக்கம் ஆகியவை ஆளுக்கு உதவுபவை. பை இவற்றுக்கு மட்டும்தான். இரண்டையும் ஒன்றாக அடைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், இழுவைக் கயிற்றின் கனத்தைத் தோளில் சுமந்துகொண்டு தண்ணீரில் நடப்பதில் யாருக்கும் பயனில்லை.

இனி பைக்கு வருவோம். மழை உறை போட்ட சாதாரண முதுகுப்பை, மேலிருந்து கொட்டும் மழையைத் தாங்கும். ஆனால் தெருவில் தண்ணீர் இடுப்புக்கு ஏறினால் பையின் அடிப்பாகம் நனையும். ஜிப் வழியாகவும் தையல் துளைகள் வழியாகவும் தண்ணீர் உள்ளே புகும். படகில் போகிறவர்கள் வைத்திருக்கும், வாயைச் சுருட்டி மூடும் பைதான் என் தேர்வு. கடையில் ‘டிரை பேக்’ என்று கேளுங்கள். பிவிசி பூசிய தடித்த துணி, ஓரங்கள் ஊசித் தையலாக இல்லாமல் சூட்டில் ஒட்டப்பட்டவை. காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மூன்று சுற்றாவது இறுக்கமாகச் சுருட்டி, பக்கிளை மாட்ட வேண்டும். சாக்கடை கலந்த தண்ணீர் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவினால் சுத்தமாகிவிடும். துணிப் பையிலிருந்து அந்த வாடை எளிதில் போகாது.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். வெறும் பையில் காற்றை அடைத்து வாயைச் சுருட்டி மூடுங்கள். கன்னத்தருகே வைத்து இரு கைகளாலும் அமுக்கிக்கொண்டே ஓரங்களை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். கசிவு இருந்தால் மெல்லிய காற்று கன்னத்தில் படும். அந்தப் பை வேண்டாம். அடுத்து, தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே போட்ட தையல் பையின் உடலைத் துளைத்திருக்கக் கூடாது. தனியாக ஒட்டிய தடித்த துண்டின் மீதுதான் இருக்க வேண்டும். கறுப்பு நிறத்தைத் தவிர்த்து ஆரஞ்சோ மஞ்சளோ எடுங்கள். மின்சாரம் போன இரவில் அதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இந்தப் பைகளில் ஒரே ஒரு சிரமம் உண்டு. வாய் ஒன்றுதான் என்பதால் அடியில் கிடப்பதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும். ஒளி ஊடுருவும் ஜிப் உறைகளில் பொருள்களைப் பிரித்து வைத்து, விளக்கும் மழைக்கோட்டும் மேலே இருக்கும்படி அடுக்கினால் அந்தத் தொல்லை குறைந்துவிடும்.

அளவு 25 லிட்டர் போதும். பெரிதாக வாங்கினால் நிரப்பத்தான் தோன்றும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கனத்தில் பெரும்பங்கு அதுதான். ஐந்து லிட்டர் கேனுக்குப் பதில் ஒரு லிட்டர் பாட்டில்களாக வைத்தால் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். எல்லாம் நிரப்பிய பையை மாட்டிக்கொண்டு இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் எதையாவது எடுத்துவிடுங்கள்.

மார்புப் பட்டை இருந்தால் கனம் தோள்களில் சமமாக இறங்கும். ஆனால் தண்ணீரில் இறங்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். கால் இடறினால் பையை உடனே உதற முடிய வேண்டும். ஓடும் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். முழங்காலளவு இருந்தாலே அது ஆளைத் தள்ளிவிடும்.

பை இருக்க வேண்டிய இடம் டிக்கி இல்லை. மின்பூட்டு வேலை செய்யாமல் போனால் டிக்கி திறக்காது. முன்சீட்டின் பின்புறம், கால் வைக்கும் தரையில் செருகி வையுங்கள். திடீரென்று பிரேக் போட்டாலும் பறக்காது. பின்கண்ணாடி அருகே உள்ள தட்டில் எதையுமே வைக்காதீர்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் சீட் பெல்ட் வெட்டியும் பைக்குள் போகக் கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டும்படி ஓட்டுநர் கதவு அறையில் இருக்கட்டும்.

வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. பவர் பேங்க், மாத்திரைகள், இன்சுலின் ஆகியவற்றை ஒருபோதும் காரிலேயே விட்டுவைக்காதீர்கள். அம்மாவின் மருந்துகள் ஒரு சிறு உறையில் வீட்டு வாசலருகே தொங்குகின்றன. புறப்படும்போது சாவியோடு எடுத்துக்கொள்வேன்.

புரட்டாசியில், மழை தொடங்குவதற்கு முன்பு, பையைக் காலி செய்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். தண்ணீரையும் பிஸ்கட்டையும் மாற்றுங்கள். 112 (அவசர உதவி), 1033 (தேசிய நெடுஞ்சாலை உதவி) ஆகிய எண்களையும் உறவினர்களின் எண்களையும் எழுதிய அட்டை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கைபேசி அணைந்தால் அதுதான் கைகொடுக்கும். பக்கிளில் கீறல் விழுந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். பாரிமுனையில் பைகளுக்கான உதிரிகள் விற்கும் கடைகளில் பக்கிள் தனியாகவே கிடைக்கும்; பட்டையின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள்.