மிளகு சீரகம் போட்ட லீக் சூப்: முதன்முறை செய்பவர்களுக்கு

சிங்கப்பூரின் ஃபேர்பிரைஸ் பேரங்காடியில், காய்கறிப் பகுதியில் வெங்காயத்தாளுக்கு அண்ணன் மாதிரி ஒன்று கிடக்கும். அடி வெள்ளை, நுனி கரும்பச்சை, பிடித்தால் கைப்பிடி நிறையும். அதுதான் லீக். இலங்கைத் தமிழர் வீடுகளில் இது புதிதல்ல. நுவரெலியாவில் விளைகிற காய். லீக்ஸ் கறி, லீக்ஸ் வறை என்று அவர்களுக்குப் பழகிப்போனது. தமிழ்நாட்டு வழி வந்த என்னைப் போன்றவர்கள்தான் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வெண்டைக்காய் பக்கம் நகர்ந்துவிடுகிறோம்.

முதல் தடவை வாங்கியபோது குருமாவுக்குப் போடுவதுபோல் கரம் மசாலா, மிளகாய்த்தூள், சோம்பு எல்லாம் போட்டேன். கிடைத்தது தண்ணீர் ஊற்றிய குருமா. லீக் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெங்காயக் குடும்பம்தான் என்றாலும் லீக் சாது. மெல்ல வதக்கினால் இனிப்பும் வெண்ணெய் மாதிரி ஒரு மென்மையும் வரும். பட்டை, கிராம்பு அதை அமுக்கிவிடும். மிளகும் சீரகமும் அப்படிச் செய்வதில்லை. ரசத்தில் தக்காளியோடு எப்படி ஒத்துப்போகின்றனவோ, இங்கேயும் அப்படியே.

சரி, கடைக்குப் போவோம். தண்டில் வெள்ளைப் பகுதி நீளமாக, அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். இலை நுனி மஞ்சளித்திருந்தால் வேண்டாம். சீனப் புத்தாண்டை ஒட்டி ஈரச்சந்தைகளில் ஒல்லியான, இலை நீண்ட சீன லீக் வரும். மாண்டரினில் அதன் பெயரான ‘சுவான்’ எண்ணுவதைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிப்பதால், எண்ணுகிற அளவுக்குப் பணம் சேரும் என்று வாங்குவார்கள். அதிலும் சூப் செய்யலாம், கொஞ்சம் காரமாக இருக்கும். புல் மாதிரி தட்டையாகக் கட்டுக்கட்டாக இருக்கும் குச்சாய் வேறு, அதை எடுத்துவராதீர்கள்.

நான்கு பேருக்கு நடுத்தர லீக் 2, உருளைக்கிழங்கு 1 (சுமார் 150 கிராம்), மைசூர் பருப்பு 3 மேசைக்கரண்டி, பூண்டு 2 பல், கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி, பாதி எலுமிச்சம்பழம், உப்பு. பொடிக்கு மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மல்லி 1 தேக்கரண்டி. தாளிக்க நெய், கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. தேக்கா சந்தைக்குப் போகிறவர்கள் அங்கேயே தேங்காய்ப்பாலும் வாங்கிவிடலாம். பாக்கெட் பாலும் குற்றமில்லை.

மண்ணைப் போக்குவது

இதை அவசரமாகச் செய்தால் மற்றதெல்லாம் வீண். தண்டு வெள்ளையாக இருப்பதற்காக, செடி வளர வளர அடியில் மண்ணை அணைத்துக்கொண்டே வருவார்கள். அந்த மண் மடல்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். வெளியே கழுவினால் போகாது. நான் அப்படிக் கழுவிச் செய்த சூப்பைக் குடித்த என் அத்தை, “சூப்பில் ரவை போட்டாயா?” என்று கேட்டார்.

வேரை வெட்டிவிட்டு, கரும்பச்சை இலையைத் தனியாக எடுத்து வையுங்கள். வெள்ளையும் இளம்பச்சையுமான பகுதியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, குறுக்கே மெல்லியதாக நறுக்குங்கள். நீளமாக நறுக்கினால் நார் மிக்சி பிளேடில் சுற்றிக்கொள்ளும். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, நறுக்கியதைப் போட்டு அலசி, ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். மண் அடியில் தங்கும், லீக் மிதக்கும். கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தை வடிகட்டியில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் திரும்ப லீக் மேலேயே விழும். இன்னொரு முறை அலசினால் போதும்.

அந்தக் கரும்பச்சை இலை நார்த்தனமானது, ஆனால் வாசம் அதில்தான். நன்றாகக் கழுவி, துண்டாக்கி, இஞ்சித் தோலோடு 5 கப் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சூப் கியூப் தேவையே இல்லை.

அடுப்பில்

மிளகு, சீரகம், மல்லி மூன்றையும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள்.

அடி கனத்த பாத்திரத்தில் வெண்ணெய் உருகியதும் லீக்கைப் போட்டு, அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கிளறி, மூடி, சிறு தீயில் 12 நிமிடம் வையுங்கள். உப்பு நீரை வெளியே இழுக்கும், அந்த நீரிலேயே அது வேகும். நடுவில் இரண்டு மூன்று தடவை கிளறுங்கள். பிரியாணி வெங்காயம்போல் சிவக்கவிடக் கூடாது. லீக் கருகினால் கசக்கும். பொறுமை இல்லாதவர்கள் தீயைக் கூட்டுவது இந்த இடத்தில்தான்.

துவண்டு பளபளப்பானதும் நசுக்கிய இஞ்சி, பூண்டு, மஞ்சள்தூள், பொடியில் முக்கால் பங்கு. ஒரு நிமிடம் பிரட்டி, உருளைத் துண்டுகள், கழுவிய பருப்பு, 4 கப் இலைத் தண்ணீர் சேருங்கள். மூடி 20 நிமிடம். உருளை அழுத்தினால் உடைய வேண்டும்.

லீக்கும் உருளையும் சேர்வது பிரெஞ்சுக்காரர்களின் பழைய வழக்கம். நியூயார்க்கின் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் சமையல் தலைவராக இருந்த லூயி டியா 1917இல் அதைக் குளிரவைத்துப் பரிமாறினார் என்பார்கள். நாம் சூடாகவே வைத்துக்கொள்வோம். பருப்பு மட்டும் என் சேர்க்கை. உருளை மட்டும் போட்டால் எனக்கு மாவு மாதிரி இருக்கிறது.

ஆறவிட்டு மிக்சியில் பாதி ஜாருக்கு மேல் நிரப்பாமல் அரையுங்கள். சூடாகவே மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளி மேலே தெறிக்கும். பத்துப் பதினைந்து வினாடி போதும். உருளையை ரொம்ப நேரம் அரைத்தால் பசையாகிவிடும். திரும்ப அடுப்பில் வைத்து, கெட்டியாக இருந்தால் மிச்சமுள்ள இலைத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, தீயைத் தணித்துத் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். அதற்கப்புறம் கொதிக்கவிட வேண்டாம், திரிந்துபோகும். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து, உப்புப் பார்த்து, மீதிப் பொடியைத் தூவுங்கள். நெய்யில் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சத்தம் அடங்குமுன் மேலே கொட்டுங்கள்.

டிசம்பரில் இங்கே மழை நாள் முழுக்க ஊற்றும்போது இதற்கு ரொட்டியே போதும். என் வீட்டில் இடியாப்பத்தின் மேல் ஊற்றிக்கொள்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள்: வெங்காயம், பூண்டு தவிர்க்கும் விரத நாட்களில் லீக்கும் ஆகாது, சைவம் சாப்பிடும் சீன பௌத்தர்களில் பலரும் இதைத் தொடமாட்டார்கள். தேங்காய்ப்பால் இருப்பதால் இரவு முழுக்க அடுப்பின் மேலேயே விட்டுவைக்காதீர்கள். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாளைக்கும் ஆகும். கெட்டியாகியிருக்கும், கால் கப் வெந்நீர் விட்டுச் சிறு தீயில் சுட வையுங்கள்.