வெளிநாட்டில் தனிப் பயிற்சியாளரை அமர்த்தலாமா? ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்த முதல் ஆண்டிலேயே எனக்கு ஏழு கிலோ கூடியது. கூடவே இடுப்பில் ஒரு வலியும் குடியேறியது. நவம்பர் பிறந்தால் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் ஊரில், அலுவலகம் விட்டு நேரே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வதே வழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு பெர்சனல் டிரெய்னரை அமர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, ஒரு மணி நேரத்துக்கு 85 யூரோ வீதம் பத்து வகுப்புகளுக்கு 850 யூரோவை முன்பணமாகக் கட்டினேன். அவற்றுள் நான்கு வகுப்புகள் இன்றுவரை பயன் தருகின்றன. மீதி ஆறும் எனக்குத் தேவைப்பட்டிருக்கவே இல்லை. அந்த நான்கையும் ஆறையும் பணம் கட்டும் முன்பே பிரித்தறியும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜிம்மில் சேர்வது எப்படி, காலணி எது வாங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். காப்பீடு, ஒப்பந்தம் பற்றிச் சொல்பவை ஜெர்மனிக்கு மட்டுமே பொருந்தும்.

படி 1: எது குறைகிறது என்று எழுதிப் பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுவே என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். "எனக்கு ஒரு டிரெய்னர் வேண்டும்" என்று தோன்றும்போது அதற்குள் நான்கு வெவ்வேறு குறைகள் இருக்கக்கூடும்: உடலில் வலி இருக்கலாம், பயிற்சியைச் சரியாகச் செய்யத் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் உடல் வணங்காமல் இருக்கலாம், அல்லது கூட வர ஆளில்லாமல் இருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஊரில் இருக்கும்போது இவை தாமாகவே பிரிந்து நிற்கும். வலித்தால் தெருமுனை மருத்துவரிடம் போவோம், துணைக்கு மைதானத்துக்கு வரும் நண்பர் இருப்பார். வெளிநாட்டில் எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, அந்த மூட்டையைத் தூக்க ஓர் ஆளைக் கூலிக்குத் தேடுகிறோம்.

ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு நோட்டில், உடற்பயிற்சி செய்யாத ஒவ்வொரு நாளுக்கும் நேராக ஒரே வரியில் காரணத்தை எழுதுங்கள். இதற்குச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை தரும் பட்டியலில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுவோம், உண்மைக் காரணம் வெளியே வராது. நான் பணம் கட்டிய பிறகே இதைச் செய்தேன். என் நோட்டில் இருந்தவை: மழை, குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது, தனியாகப் போகக் கூச்சம், மழை, இடுப்பு, இருட்டு. "எப்படிச் செய்வதென்று தெரியவில்லை" என்று எழுதிய நாட்கள் இரண்டே இரண்டு. அந்த இரண்டு நாளின் குறையை மட்டும்தான் பயிற்சியாளரால் நேரடியாகத் தீர்க்க முடியும்.

வலி என்ற சொல் ஒருமுறைக்கு மேல் வந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, உங்கள் ஹவுஸ்ஆர்ட்ஸ்டிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், நேரம் வாங்குங்கள். கால் மரத்துப்போதல், நெஞ்சில் இறுக்கம் போன்றவை இருந்தால் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

படி 2: காப்பீடு ஏற்கெனவே தருவதைப் பார்த்துவிடுங்கள்

மாதந்தோறும் சம்பளத்தில் கிராங்கன்காசேக்கு, அதாவது மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு, பிடிக்கும் பணத்தில் நம்மவர் பலரும் கேட்டே வாங்காத இரண்டு வசதிகள் இருக்கின்றன.

ஒன்று ரேஹாஸ்போர்ட். நாள்பட்ட முதுகுவலி, மூட்டுத் தேய்மானம் போன்றவை உள்ளவர்களுக்கு மருத்துவர் 56ஆம் எண் படிவத்தில் எழுதிக் கொடுக்கும் குழுப் பயிற்சி இது. வழக்கமான அளவு 18 மாதங்களுக்குள் 50 வகுப்புகள். ஒரு குழுவில் பதினைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். வகுப்பு 45 நிமிடமாவது நடக்கும். அரசுக் காப்பீட்டில் இருப்பவர்கள் இதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. என் இடுப்பு வலிக்கு மருத்துவர் இதைத்தான் எழுதிக் கொடுத்தார், அதுவும் நானே கேட்ட பிறகு. பிசியோதெரபி இதிலிருந்து வேறுபட்டது: அதற்கு ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் 10 யூரோவும் சிகிச்சைச் செலவில் 10 விழுக்காடும் நம் கையிலிருந்து போகும்.

மற்றொன்று நோய்த்தடுப்புப் பயிற்சி வகுப்பு. முதுகுப் பயிற்சி, கைக்கோல்களை ஊன்றி நடக்கும் நோர்டிக் வாக்கிங், யோகா என்று எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் நடக்கும் வகுப்புகள் இவை. நடுவண் சோதனை அமைப்பின் முத்திரை பெற்ற வகுப்பாக இருந்தால், கட்டணத்தை நாம் முதலில் கட்டி, முடித்தபின் சான்றிதழை அனுப்பிப் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். பொதுவாக ஆண்டுக்கு இரண்டு வகுப்புகள் வரை கிடைக்கும். வருகைப்பதிவு முக்கியம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற வாரங்களைக் கணக்கிட்ட பிறகு சேருங்கள். ஜிம் சந்தாவும் தனிப் பயிற்சியும் இந்தத் திட்டத்தில் வரமாட்டா.

துணை இல்லாததுதான் குறை என்றால் ஊர் விளையாட்டுச் சங்கத்தை, இங்கே ஃபெரைன் என்பார்கள், அதை விசாரியுங்கள். தனிப் பயிற்சியின் ஒரு மணி நேரக் கட்டணத்தில் பல சங்கங்களில் சில மாதங்களுக்குச் சந்தா கட்டிவிடலாம். பல ஊர்களில் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பார்க்ரன் நடக்கிறது: 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடந்தும் முடிக்கலாம்.

படி 3: கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள்

நான் விசாரித்த நான்கு பயிற்சியாளர்கள் ஒரு மணி நேரத்துக்கு 70 முதல் 110 யூரோ வரை கேட்டார்கள். வாரம் இருமுறை, 85 யூரோ என்றால் மாதம் 680 யூரோ. இதை யாராலும் நெடுநாள் தாங்க முடியாது. ஆகவே மாதம் எவ்வளவு ஆகும் என்று தொடங்காமல், நான் கற்க வேண்டிய அசைவுகள் எத்தனை என்று தொடங்குங்கள். தொடக்க நிலையில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்குவது), தள்ளும் பயிற்சி ஒன்று, இழுக்கும் பயிற்சி ஒன்று, வயிற்றுத் தசைக்கு ஒன்று என ஐந்து போதும். இவற்றைக் கற்க நான்கு வகுப்புகள், மூன்று மாதம் கழித்துத் திருத்திக்கொள்ள ஒன்று, ஆறாம் மாதம் இன்னொன்று. ஆறு வகுப்புகளுக்கு 510 யூரோ, அதுவும் அரை ஆண்டுக்குள் பரவலாக.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், அதோடு இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. அந்த 150 நிமிடம் நடையே. நடப்பதற்கு அருகில் ஒருவரை நிறுத்திச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. ஊரில் தண்டாலும் பஸ்கியும் எடுத்துப் பழகியவர்களுக்கு மேலே சொன்ன ஐந்தில் இரண்டு பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

படி 4: ஆளைப் பாருங்கள்

ஜெர்மனியில் பெர்சனல் டிரெய்னர் என்ற பெயர் சட்டப் பாதுகாப்புப் பெற்றதன்று. யார் வேண்டுமானாலும் அட்டை அச்சடித்துக்கொள்ளலாம். தாங்கள் பெற்ற பயிற்சியாளர் சான்றிதழை பி உரிமம், ஏ உரிமம் என்று சொல்வார்கள். பி என்பது தொடக்க நிலை. ஜெர்மன் ஒலிம்பிக் விளையாட்டுக் கூட்டமைப்பின் சி நிலைப் பயிற்சியாளர் சான்றிதழுக்குக் குறைந்தது 120 பாட அலகுகள் உண்டு. பிசியோதெரபிஸ்ட் என்பதோ அரசுத் தேர்வு எழுதிப் பெறும் தொழிற்பெயர். முன்பு வலி இருந்த உடம்பென்றால் இருபது யூரோ கூடுதலாகக் கொடுத்தாவது பிசியோதெரபிஸ்டாகவும் இருக்கும் பயிற்சியாளரையே நான் தேர்வேன்.

மொழியை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். ஜெர்மன் மொழியில் இடைநிலையான பி1 தேர்வில் தேறியவன் என்ற தைரியத்தில் ஜெர்மனிலேயே பயிற்சி போதும் என்று சொல்லிவிட்டேன். முதல் வகுப்பில் அவர் "பெக்கன் கிப்பன்" என்று மூன்று முறை சொன்னார். எனக்குத் தெரிந்த பெக்கன் சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கும் கைகழுவும் தொட்டி. அதைச் சாய்ப்பது எப்படி என்று கையில் பளுவோடு விழித்துக்கொண்டு நின்றேன். இடுப்புக் கூட்டுக்கும் அதே சொல்தான் என்பதும், கீழ்முதுகு வளையாமல் அதைச் சற்றே உள்வாங்க வேண்டும் என்பதும் அவர் தம் இடுப்பில் கைவைத்துக் காட்டிய பிறகே விளங்கின. வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கப் போதுமான மொழியறிவு, பளுவைத் தூக்கியிருக்கும் வேளையில் காதில் விழும் கட்டளைக்குப் போதவில்லை. எனவே ஆங்கிலமோ தமிழோ, யோசிக்காமல் உடல் கீழ்ப்படியும் மொழி எதுவோ அதில் பேசும் ஆளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் முதல் வகுப்புக்கு முன் தோள்பட்டை, விலா, இடுப்புக் கூடு, முட்டி, மூச்சை விடுதல், இறுக்குதல் ஆகியவற்றுக்குரிய சொற்களையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முன்பணம் கட்டும் முன் ஒரு சோதனை வகுப்பைக் கேளுங்கள். அதில் நான் பார்ப்பவை மூன்று. எடையைக் கையில் கொடுப்பதற்கு முன் பழைய நோய், மருந்து, வலி பற்றிக் கேட்கிறாரா? பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுத்துக் காட்டச் சம்மதிக்கிறாரா? "எத்தனை வாரத்தில் நீங்கள் இல்லாமல் என்னால் செய்ய முடியும்?" என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பியவர்களிடம் நான் திரும்பப் போகவில்லை.

உணவுப் பட்டியலை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் என் உடல் நிறைக் குறியீடு 24.8, வழக்கமான எல்லையான 25க்குக் கீழ் என்று என் பயிற்சியாளர் பச்சை மை கொண்டு வட்டமிட்டார். ஆசிய மக்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் கவனிக்க வேண்டிய எல்லைகளாக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் கலந்தாய்வு 2004இலேயே குறிப்பிட்டிருக்கிறது. ஜிம்மில் ஏறி நின்றால் கொழுப்பு விழுக்காட்டைச் சொல்லும் எந்திரத்தைவிட, தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவை இடுப்பைச் சுற்றிப் பிடிப்பது எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது. பட்டியலில் கோழியும் சூரை மீனும் நிறைந்திருந்தன; நான் சைவம். எனக்கு மிஞ்சியது மாகர்குவார்க் என்ற கொழுப்பு நீக்கிய இறுகிய பாலாடைத் தயிர்தான். 100 கிராமில் ஏறத்தாழ 12 கிராம் புரதம். இனிப்போடு என்னால் தின்ன முடியவில்லை; கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் கெட்டிப் பச்சடியாகிவிடும்.

படி 5: கையெழுத்துக்கு முன்

வகுப்புகளை எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் ரத்து செய்யலாம், இடையில் நாடு திரும்பினால் மீதிப் பணம் என்னாகும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். இணையம் வழியாக ஒப்பந்தம் செய்தால் 14 நாட்களுக்குள் விலகும் உரிமை உண்டு. அதற்குள் வகுப்பைத் தொடங்கச் சொல்லிக் கேட்டிருந்தால் எடுத்த வகுப்புக்கு மட்டும் பணம் போகும். கூடத்தின் மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டால் அந்த உரிமை கிடையாது. என்னிடம் மேசையில்தான் வாங்கினார்கள்.

பயிற்சியாளரோடு ஜிம் சந்தாவையும் சேர்த்துத் தள்ளிவிடுவதும் வழக்கம். வேலை மாறி வேறு ஊருக்குப் போனால் சந்தாவை ரத்து செய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்: தொழில் காரணமான இடமாற்றமாக இருந்தாலும் அது பொதுவாக உடனடி விலகலுக்குப் போதுமான காரணம் ஆகாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2016 மே மாதம் தீர்ப்பளித்தது. 2022 மார்ச் 1க்குப் பிறகு செய்த ஒப்பந்தங்களில், முதல் காலக்கெடு முடிந்தபின் ஒரு மாத அறிவிப்பில் எப்போதும் விலகலாம். ஆனால் அந்த முதல் காலக்கெடு இரண்டு ஆண்டு வரை இருக்கலாம். விசாவை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பவர்கள், சற்று விலை கூடினாலும் மாதச் சந்தாவையே எடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த மூவர், சென்னையிலோ கோவையிலோ இருக்கும் பயிற்சியாளரைக் காணொளியில் அமர்த்தினால் செலவு பல மடங்கு குறையுமே என்று எழுதியிருந்தார்கள். குறையும், மொழிச் சிக்கலும் தீரும். ஆனால் இரண்டு இடையூறுகள் உண்டு. அவர் உங்களைத் தொட்டுத் திருத்த முடியாது. கைப்பேசியை முட்டி உயரத்தில், பக்கவாட்டில், முக்காலியில் நிறுத்தாவிட்டால் முதுகு வளைவதையும் பார்க்க முடியாது. அடுத்தது நேரம்: கோடையில் இந்தியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது, அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாலரை மணி நேரம். மாலை 7 மணி வகுப்பு அவருக்குக் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. காலை 6 மணி என்று வைத்துக்கொண்டால் அவருக்கு ஒன்பதரையோ பத்தரையோ ஆகும்; இருவருக்கும் அதுவே ஒத்துவருகிறது. கடிகாரம் மாறுகிற அந்த வாரத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள். இந்தியாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால், என் நண்பர் ஒருவரின் பயிற்சியாளர் ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.