கார் வராத பாதையில் கிராவல் சைக்கிள்: பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் முதல் சவாரிக்கு வழி அமைப்பது எப்படி?

பிரான்ஸில் ஊர் எல்லை தாண்டிய சாதாரண இருவழிச் சாலைகளில் 2018 முதல் பொதுவான வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ, சில மாவட்டங்களில் 90. இரண்டு கார்கள் ஒதுங்கிப் போகவே இடமில்லாத ஒடுங்கிய தார்ச்சாலைக்கும் அதே வரம்புதான். வேலிப்புதர் மறைக்கும் திருப்பத்தில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. கரடுமுரடான தரைக்கு ஏற்ற அகல டயர் கொண்ட கிராவல் சைக்கிளில், சரளையும் மண்ணும் கலந்த பாதைகளைத் தேடிப் போவதற்கு முக்கியமான காரணம் இந்தப் பயம் இல்லாமல் ஓட்டலாம் என்பதுதான். அப்படிப்பட்ட வழி பெரும்பாலும் வீட்டில், வரைபடத்தின் முன்னால் அமைகிறது.

1. முதல் சவாரிக்குச் சமதளமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கால்வாய்க் கரையும் கைவிடப்பட்ட ரயில் தடமும்தான் புதியவர்களுக்கு ஏற்றவை. படகுகளைக் குதிரைகளும் ஆட்களும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த காலத்தில் போட்ட பாதை என்பதால் கால்வாய்க் கரையில் ஏற்றம் இருக்காது. ரயிலுக்குச் செங்குத்து ஆகாது என்பதால் பழைய ரயில் தடமும் அப்படியே. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கிய இந்தத் தடங்களை 'வுவா வெர்த்', அதாவது பசுமைப் பாதை என்கிறார்கள். எல்லாமே சரளை அல்ல. பர்கண்டியில் கிளூனிக்கும் ஜிவ்ரிக்கும் இடையே 1997-இல் திறந்த பாதை தார் போட்டது.

வடமேற்கிலுள்ள பிரெத்தாஞ் பகுதியை எடுத்துக்கொள்வோம். நாந்த்–பிரெஸ்த் கால்வாய் சுமார் 360 கி.மீ நீளம். நெப்போலியன் காலத்தில், ஆங்கிலேயக் கடற்படை துறைமுகங்களை மறித்துக்கொண்டிருந்தபோது, கடலுக்கு மாற்று வழியாக 1811-இல் வெட்டத் தொடங்கி 1842-இல் முடித்தார்கள். அதன் கரையில் ரெதோன் ஊரிலிருந்து மாலெத்ருவா வரை சுமார் 40 கி.மீ ஓட்டுங்கள். அங்கிருந்து பழைய ரயில் தடத்தில் தெற்கே திரும்பி 20–25 கி.மீ போனால் கெஸ்தாம்பேர் வந்துவிடும். கெஸ்தாம்பேரும் ரெதோனும் ஒரே ரயில் வழியில் இருக்கின்றன. அதனால் புறப்பட்ட இடத்துக்கு ரயிலிலேயே திரும்பலாம். பெரும்பகுதி இறுகிய மணல் தளம். மணிக்கு 15 கி.மீ வேகத்தில், ஓய்வையும் சேர்த்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. வரைபடத்தில் நிறத்தைப் படியுங்கள்

பிரெஞ்சு அரசு நில அளவை நிறுவனமான 'இ-ழெ-என்' வெளியிடும் 1:25,000 வரைபடத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் போக்குவரத்து மிகுந்த சிவப்புச் சாலையைக் குறுக்கே கடக்கலாமே தவிர, அதன் வழியே ஓட்டக்கூடாது. மஞ்சள் சாலையில் தொடர்ந்து 2 கி.மீக்கு மேல் போகும்படி வழி போடாதீர்கள். வெள்ளை நிறச் சிறு சாலைகள் இணைப்புக்கு நல்லவை. மெல்லிய கோடுகளாகத் தெரியும் வண்டிப்பாதைகள்தான் நமக்கு வேண்டியவை.

பாதை யாருடையது என்பதும் முக்கியம். 'ஷெமன் ரூரால்' ஊராட்சியின் சொத்து, பொதுமக்கள் போகலாம். வயல்களுக்குப் போகும் 'ஷெமன் தெக்ஸ்ப்ளுவாத்தாசியோன்' உழவர்களுக்குப் பொதுவான தனியார் பாதை. அவர்கள் நினைத்தால் மூடிவிடலாம். மரத்திலும் கல்லிலும் வெள்ளை-சிவப்புக் கோடு தீட்டியிருந்தால் அது நெடுந்தூர நடைபாதை. அதை அப்படியே சைக்கிள் வழியாக எடுத்துக்கொண்டால் படிக்கட்டிலும் பாறையிலும் போய் முட்டுவீர்கள்.

3. தரையைத் தூரத்திலிருந்தே சோதியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பொதுமக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வண்டிப்பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் குறித்திருப்பார்கள். 1 கெட்டித் தளம், 2 இறுகிய சரளை, 3 கல்லும் மண்ணும் பாதிப் பாதி, 4 பெரும்பாலும் மண், 5 புல்லும் இளகிய மண்ணும். கோடையில் 3 வரை போகலாம். மழைக்காலத்தில் 2-ஐத் தாண்டாதீர்கள். பிரெஞ்சுச் சைக்கிள் ஆர்வலர்கள் உருவாக்கிய 'சைக்ளோஸ்ம்' வரைபடத்தில் சைக்கிளுக்கான பாதைகள் தெளிவாகத் தெரியும்.

பிறகு செயற்கைக்கோள் படத்துக்கு மாறுங்கள். இரண்டு வெளிறிய கோடுகளும் நடுவில் புல்லும் தெரிந்தால் டிராக்டர் போய்வருகிறது, தரை தாங்கும். முழுவதும் ஒரே பச்சை என்றால் யாரும் போவதில்லை. முள்ளும் காஞ்சொறியும் மண்டிக் கிடக்கும். பாதை வயலுக்குள் போய் மறைந்தால் அதை உழுதுவிட்டார்கள். பிரெத்தாஞ்சில் இது சாதாரணம்: 1960-70களில் துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தபோது ஏராளமான வேலிகளும் பாதைகளும் அழிந்துபோயின. இரு பக்கமும் மண்வரப்பும் மரமும் சூழ்ந்து பள்ளமாகப் போகும் பழைய பாதை படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் வெயில் படாததால் ஏப்ரல் வரைக்கும் சேறு காயாது.

பாதை தார்ச்சாலையைத் தொடும் வாயையும் இணையத்தின் தெருக்காட்சிப் படத்தில் (ஸ்ட்ரீட் வியூ) பாருங்கள். தடைப் பலகையோ சங்கிலியோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சிவப்பு வட்டத்துக்குள் வெறும் வெள்ளை என்றால் சைக்கிள் உட்பட எந்த வண்டிக்கும் அனுமதியில்லை. வட்டத்துக்குள் காரும் மோட்டார் சைக்கிளும் வரைந்திருந்தால் தடை மோட்டார் வண்டிகளுக்குத்தான். நமக்கு அது நல்ல செய்தி!

வழி தீர்மானமானதும் போனோ ஜி.பி.எஸ் கருவியோ படிக்கக்கூடிய ஜி.பி.எக்ஸ் என்ற வழித்தடக் கோப்பாகச் சேமித்து, வரைபடத்தையும் போனில் இறக்கி வையுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு.

4. சைக்கிள்

40 மி.மீ அகல டயர் போதும். 75 கிலோ எடையுள்ளவர் டியூப் இல்லாத டயரில் முன்னால் 30, பின்னால் 33 பி.எஸ்.ஐ காற்று வைத்துத் தொடங்கலாம். டியூப் இருந்தால் 40-ஐ ஒட்டி வையுங்கள். காற்று குறைந்தால் கல்லில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். கூடினால் சரளைத் திருப்பத்தில் டயர் துள்ளி வழுக்கும். ஸ்பேர் டியூப், பம்பு, டயர் நெம்பி, செயின் இணைப்புத் துண்டு, ஆலன் சாவி எடுத்துக்கொள்ளுங்கள். மணி சட்டப்படி கட்டாயம்; நடப்பவர்களை நெருங்கும்போது முன்னதாகவே அடியுங்கள். காதில் இயர்போன் வைத்து ஓட்டுவதற்குத் தடை உண்டு.

5. பயண நாள்

வேட்டைக்காலம் பொதுவாகச் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதி வரை. ஞாயிறு காலையில் காட்டுப்பக்கம் போகாதீர்கள். 'ஷாஸ் ஆன் கூர்' என்று பலகை வைத்திருந்தால் உள்ளே வேட்டை நடக்கிறது, திரும்பிவிடுங்கள். கால்வாய்க் கரையில் இந்தக் கவலை குறைவு.

கிராமத்துக் கடைகள் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடிவிடும், திங்களன்று பல கடைகள் திறப்பதே இல்லை. சாப்பாட்டைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். தண்ணீருக்கு நம்பகமான இடம் கல்லறைத்தோட்டம்: அநேகமாக ஒவ்வொன்றிலும் குழாய் இருக்கும். 'ஓ நோன் பொத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாது.

ரெதோனைத் தாண்டியதும் ஊஸ்த் ஆறு இரு பக்கமும் பாறைச்சுவர்களுக்கு இடையே போகும் 'இல் ஓ பி' வரும். வழியிலேயே அழகான இடம், அரை மணி நேரமாவது உட்காருங்கள். படகை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு மதகிலும் சின்னச் சரிவு உண்டு. அதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். பசுமைப் பாதை சாலையைக் கடக்குமிடங்களில் தடுப்புக் கம்பிகள் நிற்கும். அகலமான ஹேண்டில்பாருக்கு இடைவெளி போதாது என்று தோன்றினால் இறங்கித் தள்ளுங்கள்.

கெஸ்தாம்பேரில் கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தையதைக் குறிவையுங்கள். ரயிலில் சைக்கிளுக்கான இடம் சொற்பம். கோடையில் முன்பதிவு வேண்டுமா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். பாரிஸிலிருந்து வருபவர்கள் மோன்பர்னாஸ் நிலையத்தில் ஏறும் டி.ஜி.வி அதிவேக ரயிலுக்கு, பிரிக்காத சைக்கிளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும்.